கல்லோடு நாளைக் கட்டிய கதை

நாராயணவனத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு திருமணத்தின் தடயத்தைத் தேடி வருகிறார்கள். ஆகாசராஜன் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் கைப்பிடித்த ஊர் இதுதான் என்கிறது தலபுராணம். கல்யாண வெங்கடேசுவரர் கோயிலில் அந்தக் கல்யாணத்துக்கு அரைக்கப் பயன்பட்டதாகச் சொல்லி ஒரு திருகைக்கல்லைக் காட்டுகிறார்கள். புத்தூருக்கு மிக அருகில் இருக்கும் ஊர். நெசவாளர்கள் நிறைந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்பகுதி. 1967 முதல் கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது ஊர் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது.

இங்கிருந்து கிழக்கே போனால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாவின் நினைவாக ஏற்படுத்திய ஊர் என்பார்கள். அங்குள்ள வேதநாராயணர் கோயில் மேற்கு நோக்கியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் பிற்பகுதியில், சூரியன் சாயும் நேரத்தில், அதன் கதிர்கள் கோபுர வாசலில் நுழைந்து சுமார் 630 அடி தூரம் கடந்து கருவறைக்குப் போகின்றன. முதல் நாள் மூலவரின் பாதத்தில், அடுத்த நாள் நாபியில், அதற்கடுத்த நாள் முடியில் விழுகின்றன. அந்த நாட்களில் சூரிய பூஜை விழா நடக்கிறது. வாசலின் உயரமும் மண்டபங்களின் நீளமும் கருவறையின் திசையும் ஆண்டின் சில நாட்களோடு பொருந்தி நிற்கும் கட்டடம் அது.

கட்டடத்துக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவுகள். நான்காவதாக ஓர் அளவு உண்டு: அது காலம். எந்தப் பகுதி எந்த நாளில் எழுகிறது, எது முடிந்தபின் எது தொடங்கும், எது எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அந்த அளவில் அடங்கும். இன்றைய பொறியாளர்கள் கணினியில் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைச் செய்து, அதன் ஒவ்வொரு தூணையும் சுவரையும் தளத்தையும் வேலை அட்டவணையில் உள்ள தேதிகளோடு இணைக்கிறார்கள். திரையில் தேதியை நகர்த்தினால் அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை கட்டடம் பகுதி பகுதியாக எழுகிறது. இதற்கு 4டி என்று பெயர். மென்பொருள் வெளிநாட்டில் பிறந்தது. ஆனால் கட்டடத்தின் பகுதியையும் நாளையும் சேர்த்து எண்ணும் பழக்கம் இந்த மண்ணின் ஸ்தபதிகளுக்கும் கொத்தர்களுக்கும் புதிதல்ல. அந்தப் பழக்கம் மனத்திலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து கணினிக்கும் இடம் மாறிய வரலாறு நீளமானது.

மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் மனையை 64 அல்லது 81 கட்டங்களாகப் பிரிக்கச் சொல்கின்றன. விமானத்துக்கு ஆறு அங்கங்கள்: அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், ஸ்தூபி. கீழிருந்து மேலாக உள்ள இந்த ஆறு பெயர்களும் வடிவத்தைக் குறிக்கின்றன. வேலையின் வரிசையையும் குறிக்கின்றன. தொடக்கத்தில் முதற்செங்கல் வைக்கும் சடங்கு. முடிவில், கலசம் ஏறுவதற்கு முன், உச்சிச்செங்கல் வைக்கும் சடங்கு. இரண்டுக்கும் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பார்கள். முதல் நாளும் கடைசி நாளும் குறித்தாகிவிட்டால் நடுவில் உள்ள வேலையை அதற்கேற்பப் பங்கிடுவது ஸ்தபதியின் பொறுப்பு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இதற்கு அழுத்தமான சான்று. ராஜராஜ சோழன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது கி.பி. 1010-இல், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. கட்டடத்தின் ஓர் உறுப்பு, அது வந்து சேர்ந்த நாள், கொடுத்தவர் பெயர் என மூன்றும் ஒரே இடத்தில் கல்லில் இருக்கின்றன. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்பதும் கல்வெட்டால் தெரிகிறது. 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம் சுமார் ஏழு ஆண்டுகளில் முடிந்திருக்கிறது என்றால், எந்தக் கல் எப்போது எங்கே வரவேண்டும் என்ற கணக்கு ஒருவருடைய மனத்தில் பிசகில்லாமல் ஓடியிருக்க வேண்டும்.

விஜயநகரக் காலத்து ராஜகோபுரங்களில் காலக்கணக்கு இன்னும் கடினம். இந்தக் கோபுரங்களின் அடித்தளமும் முதல் நிலையும் கருங்கல். மேலே உள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதன்மேல் சுதைச் சிற்பங்கள். சுண்ணாம்பு சிமெண்டைப் போல் சில மணி நேரத்தில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாக மாறும். கீழ்வரிசை போதிய பலம் பெறுமுன் மேல்வரிசையின் பாரத்தை ஏற்றினால் காரை பிதுங்கும், சுவர் சரியும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரையைக் குழைத்து, ஒரு நிலை முடித்து, ஆறவிட்டு, சாரத்தை உயர்த்தி, அடுத்த நிலைக்குப் போவார்கள். இங்கே கால அட்டவணையை வகுத்தது பொருளின் குணம்.

கட்டி முடித்த பிறகும் நாள் கணக்கு தொடர்ந்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. மூர்த்தியைப் பீடத்தில் நிலைநிறுத்தும் அஷ்டபந்தன மருந்தைக் கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்துச் செய்கிறார்கள். ஆண்டுகள் போகப் போக அது இளகி உதிரும்; மறுபடி சாத்த வேண்டும். அதற்காகத் தெய்வ சக்தியைப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னதிக்கு மாற்றி, விமானத்திலும் கோபுரத்திலும் திருப்பணி செய்து, குறித்த நாளில் கலசத்தின் மேல் கும்ப நீரைச் சேர்ப்பார்கள். திருமலையில் 2018 ஆகஸ்டில் நடந்த அஷ்டபந்தன பாலாலய மகா சம்ப்ரோக்ஷணமும் இந்த 12 ஆண்டு முறைப்படி நடந்ததே. பொருளின் ஆயுளை அறிந்து, கட்டடத்தின் பகுதிக்குப் பராமரிப்பு நாள் குறிக்கும் இந்த ஏற்பாட்டைப் பக்தி பல நூற்றாண்டுகள் காத்துவந்திருக்கிறது.

மனத்தில் கணக்கு வைக்கும் இந்தப் பழைய முறையின் பெரும் பலமே அதன் பலவீனமும் ஆனது. முழுக் கணக்கும் ஸ்தபதி ஒருவரின் தலைக்குள் இருந்தது. மற்றவர்கள் அன்றன்றைய வேலையை மட்டும் அறிந்தார்கள். குழு ஒன்றாக, குடும்பத் தொழிலாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பொதுப்பணித்துறை வந்தபின் வேலை பல கைகளுக்குப் பிரிந்தது. வரைபடம் ஓர் அலுவலகத்தில், மதிப்பீடு இன்னோர் அலுவலகத்தில், ஒப்பந்தக்காரர் வேறு, மேற்பார்வையாளர் வேறு. இன்றும் அரசுப் பணிகளில் புழங்கும் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் அந்தக் காலத்து ஏற்பாடு. முடிந்த வேலையை அளந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அதன்படி பணம் கொடுக்க அது உதவியது. வரைபடம் முடிந்த கட்டடத்தைக் காட்டியது. எம்-புக் நடந்து முடிந்ததைச் சொன்னது. நாளை எங்கே, எது எழும் என்பதைக் காட்டும் தாள் மட்டும் இல்லை.

அந்தத் தாளை முதலில் வரைந்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். போலந்துப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1896-இல் வேலைகளின் நேரத்தைக் கோடுகளாகக் காட்டும் ஒரு வரைபடத்தை உருவாக்கினார். அமெரிக்கர் ஹென்றி கேன்ட் 1910-களில் பரப்பிய பட்டை அட்டவணை உலகம் முழுவதும் பரவி அவர் பெயரையே பெற்றது. இடப்பக்கம் வேலைகளின் பெயர், மேலே தேதிகள், நடுவில் நீளமும் குட்டையுமான பட்டைகள். இன்றும் எந்தக் கட்டுமானத் தள அலுவலகத்துக்குப் போனாலும் சுவரில் ஒரு பார் சார்ட் ஒட்டியிருக்கும்.

நாளையும் இடத்தையும் சேர்த்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதற்கு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் உதாரணம். 1930 மார்ச்சில் கட்டத் தொடங்கி 1931 மே 1-இல் 102 மாடிகளோடு திறந்தார்கள். நகரின் நடுவில் பொருளைக் குவித்து வைக்க இடமில்லை. அதனால் எந்த லாரி எந்த நேரத்தில் எந்தப் பொருளோடு வரும், அது எந்த மாடிக்குப் போகும் என்று ஒவ்வொரு நாளும் அச்சிட்ட அட்டவணை வந்தது. ஒவ்வொரு மாடியிலும் சிறு தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டிகளை ஓட்டினார்கள். பட்டியலில் தேதியோடு மாடியின் எண்ணும் இருந்ததுதான் அதன் சூட்சுமம்.

1957-இல் டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியை வைத்துக் கிரிட்டிக்கல் பாத் முறையை வகுத்தார்கள். அதே சமயம் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் பெர்ட் முறை வந்தது. நூறு வேலைகளில் எந்தச் சங்கிலி தாமதமானால் மொத்தக் கட்டடமும் தாமதமாகும் என்பதை இவை கணக்கிட்டுச் சொல்லும். வீட்டு வேலையில் இதை எளிதாகப் பார்க்கலாம். வாசற்கதவு ஒரு வாரம் தள்ளி வந்தால் பெரிய நஷ்டமில்லை. தளத்துக்குக் கம்பி ஒரு வாரம் தள்ளி வந்தால் அதற்குப் பின்னால் நிற்கும் எல்லா வேலையும் ஒரு வாரம் தள்ளும். 1983-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பிரைமவேரா நிறுவனமும், அடுத்த ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டும் இந்தக் கணக்கை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. பெரிய திட்டங்களின் அட்டவணைகள் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீண்டன. பிளானிங் இன்ஜினியர் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு அவற்றைப் படித்துக் கட்டடத்தைக் கண்முன் கொண்டுவருவது கடினமானது.

4டி மென்பொருள் வராமலே, பகுதியையும் நாளையும் இடத்தையும் துல்லியமாக இணைத்து ஒரு மாபெரும் வேலை நம் நாட்டில் நடந்திருக்கிறது. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைதான் அது. 1979-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1990 செப்டம்பரில் வேலை தொடங்கியது. 2000 ஜனவரி 1-இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை வழிநடத்தியவர். 3,681 கற்கள், பெரியவை 15 டன் வரை. கரையில் உள்ள பட்டறைகளிலும் உள்நாட்டுப் பட்டறைகளிலும் செதுக்கிய கற்கள் படகேறிப் பாறைக்கு வந்தன. முன்கூட்டியே மரத்தில் மாதிரி செய்து பார்த்தார்கள். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, சிலையைச் சுற்றி ஒரு காட்டைப் போலச் சாரம் எழுப்பினார்கள். ஒரு கல் தவறான நேரத்தில் படகில் ஏறினால் அதை வைக்கப் பாறையில் இடமில்லை. சிலையின் உள்பக்கம் வெற்றிடமாக இருப்பதால் கற்கள் ஒன்றையொன்று பூட்டி ஏற வேண்டும். வரிசை மாறினால் பூட்டு விழாது. 2004 ஆழிப்பேரலையிலும் அசையாமல் நின்ற சிலை அந்த வரிசைக்குச் சாட்சி.

அதே ஸ்தபதியின் இன்னொரு வேலை பசிபிக் கடல்வரை நீண்டது. ஹவாயின் கவாய் தீவில் சைவ மடாலயம் எழுப்பிய இறைவன் கோயிலுக்கான கருங்கற்களை 1990 முதல் பெங்களூருக்கு அருகே சிற்பிகள் உளியால் செதுக்கினார்கள். தீவில் அதன் அஸ்திவாரத்தை 1999-இல் கம்பியே இல்லாத, சாம்பல் கலந்த கான்கிரீட்டால் போட்டார்கள். அதற்கு வழிகாட்டியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா. கப்பலில் போன கற்களைத் தமிழ்ச் சிற்பிகள் அங்கே அடுக்கினார்கள். 2023-இல் குடமுழுக்கு நடந்தது. கல் ஒரு கண்டத்தில், கோயில் இன்னொரு கடலில் என்றிருக்கும்போது, வரிசையைத் தவறவிட்டால் அதைத் திருத்த ஒரு கப்பல் பயணம் தேவைப்படும்.

கணினியில் வரைபடத்தின் கதை தனியாக வளர்ந்தது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில் திரைமேல் கோடு வரைந்து காட்டினார். 1970-களின் நடுவில் சார்லஸ் ஈஸ்ட்மன், கோடுகளுக்குப் பதிலாகக் கட்டட உறுப்புகளையே கணினியில் வைக்கலாம் என்றார். அவர் பார்வையில் சுவர் என்பது இரண்டு கோடு அல்ல. நீளமும் கனமும் மூலப்பொருளும் தெரிந்த ஓர் உறுப்பு. 1982-இல் ஆட்டோகேட் வந்தது, 1984-இல் ஹங்கேரியிலிருந்து ஆர்க்கிகேட் வந்தது, 2000-இல் ரெவிட். இந்த வழியில் வந்த முறையைத்தான் இன்று பிம் என்று அழைக்கிறார்கள்.

தன்னை இன்னதென்று அறிந்த தூண் கணினியில் வந்தபின், அதற்கு ஒரு தேதி கொடுப்பது அடுத்த படி. 1986-87-இல் பெக்டல் நிறுவனமும் ஹிட்டாச்சியும் சேர்ந்து அந்தப் படியில் கால் வைத்தன. 1988-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் டைக்கோல்ஸ் தொடங்கிய ஆய்வு மையத்தில் மார்டின் ஃபிஷரும் மாணவர்களும் 4டி முறையை வளர்த்தார்கள். டிஸ்னி நிறுவனம் அவர்களோடு இணைந்து, 2001-இல் கலிபோர்னியாவில் திறந்த பொழுதுபோக்குப் பூங்காவின் ஒரு பகுதியை இப்படித் திட்டமிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் 2003-இல் திறந்த வால்ட் டிஸ்னி இசையரங்கின் வளைந்து நெளிந்த சுவர்களைக் கட்டவும் இது துணை நின்றது. இங்கிலாந்தில் உருவான நேவிஸ்வொர்க்ஸை 2007-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2001-இல் தொடங்கிய சிங்க்ரோவை 2018-இல் பென்ட்லி வாங்கியது. ஆய்வுக்கூடத்துக் கருவி சந்தைக்கு வந்துவிட்டது.

வேலை எப்படி நடக்கிறது? மாதிரியில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குறியீடு. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு. இரண்டும் பொருந்தினால் இணைப்பு விழும். தொடங்காத பகுதி திரையில் தெரியாது. நடக்கும் வேலை ஒரு நிறத்தில், முடிந்தது இன்னொரு நிறத்தில், தாமதமானது சிவப்பில் தெரியும். கேட்க எளிதாக இருக்கும் இந்த இடத்தில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. கட்டடக்கலைஞர் வரைந்த மாதிரியில் ஒரு மாடியின் தளம் ஒரே துண்டு. தளத்தில் நிற்கும் மேஸ்திரி அதை மூன்று தடவையாகக் கான்கிரீட் போடுவார். மாதிரியையும் மூன்றாக வெட்டாவிட்டால் தேதி பொருந்தாது.

மாதிரியில் வராத பொருள்களும் உண்டு. சாரம், சென்ட்ரிங் முட்டுகள், கிரேன், மணல் குவியல் ஆகியவை முடிந்த கட்டடத்தில் இருக்காது. ஆனால் கட்டும் நாட்களில் அவைதான் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, நான்கரை மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டும் தளத்தின் முட்டுகளை 14 நாள் வரை எடுக்கக்கூடாது என்கிறது. ஆறு மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டும் உத்தரத்துக்கு 21 நாள். இந்த நாட்களில் முட்டுகள் நிற்கும் அறைக்குள் எலக்ட்ரீஷியனையும் பூச்சு வேலைக்காரரையும் அனுப்பினால் ஆளும் பொருளும் வீண். சில சமயம் உயிருக்கும் ஆபத்து. பட்டை அட்டவணையில் இரண்டு பட்டைகள் ஒரே வாரத்தில் இருப்பது தவறாகத் தோன்றாது. 4டி மாதிரியில் இரண்டு வேலையும் ஒரே அறைக்குள் மோதுவது உடனே கண்ணில் படும்.

இந்தியாவில் இதை நெருங்கிப் பார்த்த ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னை ஐஐடியின் அஷ்வின் மகாலிங்கமும் உடன் ஆய்வாளர்களும் இந்தியக் கட்டுமானத் திட்டங்களில் 4டியைப் பயன்படுத்திப் பார்த்து, 2010-இல் ஆய்விதழில் எழுதினார்கள். திட்டமிடும் கட்டத்திலும் கட்டும் கட்டத்திலும், உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் துணை ஒப்பந்தக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போதுதான் இந்தக் கருவி நன்றாகப் பயன்படுகிறது என்பது அவர்கள் கண்டறிந்தவற்றில் முக்கியமானது. பெரிய அளவில் எடுத்துச் செய்தது நாக்பூர் மெட்ரோ. 2014-இல் அடிக்கல் நாட்டி 2019 மார்ச்சில் முதல் தடத்தைத் திறந்த அந்தத் திட்டத்தில் மாதிரி, அட்டவணை, செலவு மூன்றையும் இணைத்து 5டி என்ற பெயரில் நிர்வகித்தார்கள். சிங்கப்பூரில் 2013 முதல் பெரிய கட்டடங்களின் அனுமதிக்கே பிம் மாதிரியைத் தரவேண்டும் என்ற விதி படிப்படியாக வந்தது. 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் அது விரிந்தது. அந்தத் தளங்களில் உழைக்கும் தமிழர்கள் பலர்.

இந்தக் கருவி நம் கோயில்களுக்கு ஏன் தேவை என்பதை நாராயணவனத்துக்கு வடக்கே உள்ள ஸ்ரீகாளஹஸ்தி சொல்கிறது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய அதன் ராஜகோபுரம் 2010 மே 26 இரவு இடிந்து விழுந்தது. விரிசல்களைக் கவனித்து மக்களை முன்பே அகற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஏறத்தாழ 500 ஆண்டுகள் நின்ற ஏழு நிலைக் கோபுரம் சற்று நேரத்தில் மண்மேடானது. நவயுகா நிறுவனம் கட்டிய புதிய கோபுரத்துக்கு 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. வானில் அதே வடிவம் மீண்டும் எழுந்தது. ஐந்து நூற்றாண்டுச் செங்கல்லும் காரையும் சொல்லியிருக்கக்கூடிய செய்தி திரும்பி வரவில்லை.

பழைய கோபுரங்கள் ஒரே நாளில் பலவீனமாவதில்லை. ஒரு தலைமுறை சுண்ணாம்புக் காரையை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசும். அடுத்த தலைமுறை மேல் நிலையில் சுதை பொம்மைகளைக் கூட்டும். பக்கத்தில் கடைகள் வரும், சாலை உயரும், வடிகால் திசை மாறும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியது. எந்த நிலையில், எந்த ஆண்டில், எந்தப் பொருளால், யார் கையால் எது நடந்தது என்று கோபுரத்தின் வடிவத்தோடு சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால்தான் அவற்றின் கூட்டுப் பாதிப்பு தெரியும். விரிசல் 2 மில்லிமீட்டர் என்பது ஒரு செய்தி. மூன்றாம் நிலையின் வடமேற்கு மூலையில் போன திருப்பணியில் சிமெண்ட் பூசிய இடத்தில், இரண்டு மழைக்காலத்தில் அது இரட்டிப்பானது என்பது எச்சரிக்கை.

4டியின் மூலப்பொருள் இதுவே: பகுதி, நாள், நடந்த வேலை. புதிய கட்டடத்தில் அது எதிர்காலத்தைத் திட்டமிடுகிறது. பழைய கட்டடத்தில் அது கடந்த காலத்தையும் சேர்த்துக் காக்கும். லேசர் ஸ்கேனரும் டிரோன் படமும் கொண்டு ஒரு கோபுரத்தின் மாதிரியைச் செய்வது இன்று பல பொறியியல் கல்லூரிகளால் முடியும். அந்த மாதிரியைத் திறந்த தரநிலையான ஐஎஃப்சி வடிவத்தில் சேமித்தால், ஒரு மென்பொருள் நிறுவனம் மூடிப்போனாலும் கோப்பு நிலைக்கும். அந்தத் தரநிலையிலேயே வேலை அட்டவணையைச் சேமிக்கவும் இடம் உண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடப்பதால், ஒவ்வொரு முறையும் மாதிரியைப் புதுப்பிக்க நாளும் ஏற்கெனவே குறித்திருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு 4டி மாதிரி பெரும்பாலும் அலுவலகத்தின் குளிர்சாதன அறையில் நிற்கிறது. டெண்டர் விளக்கக் கூட்டத்தில் ஓடும் படமாக வந்து, வேலை தொடங்கியதும் மறைந்துவிடும் இடங்களும் உண்டு. வரைபடம் மாறும்போது இணைப்பு அறுந்துபோகிறது. அதைத் திருத்தித் தைக்க ஆளில்லாவிட்டால் மூன்றாவது மாதத்தில் மாதிரி ஒரு கதை சொல்லும், தளம் வேறு கதை சொல்லும். கம்பி கட்டுகிறவருக்கும் சென்ட்ரிங் ஆசாரிக்கும் அது கண்ணில் படுவதே இல்லை. ஸ்தபதி ஒருவரின் தலைக்குள் பூட்டியிருந்த கணக்கு, இப்போது பிளானிங் இன்ஜினியர் ஒருவரின் மடிக்கணினிக்குள் பூட்டியிருக்கிறது என்றால் பெரிய முன்னேற்றம் எதுவும் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை காலையில், அடுத்த ஏழு நாளின் படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி எழுத்துகளோடு அச்சிட்டுத் தளத்தின் வாசலில் ஒட்டுவதற்கு அதிகச் செலவாகாது.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்திடமும், தமிழ்நாட்டின் இந்து சமய அறநிலையத் துறையிடமும் நூற்றுக்கணக்கான பழைய கோபுரங்கள் உள்ளன. அடுத்த பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன், குறைந்தது ஐந்து நிலைக்கு மேற்பட்ட கோபுரங்களையாவது அளந்து மாதிரி செய்து, கிடைக்கும் கல்வெட்டையும் எம்-புக்கையும் திருப்பணிக் குறிப்பையும் தேதி வாரியாக அதில் சேர்க்க வேண்டும். இந்த வேலையைப் பொறியியல் மாணவர்களின் ஆய்வாகவும், ஸ்தபதிகளின் மேற்பார்வையிலும் செய்யலாம். இரு தரப்புக்கும் மற்றவரிடம் கற்க நிறைய உண்டு. ஊரில் உள்ள பெரியவர்களுக்கு முந்தைய குடமுழுக்கில் எந்த நிலையில் என்ன வேலை நடந்தது என்பது நினைவிருக்கும். அந்த நினைவு அவர்களோடு போய்விடுமுன் கோயில் அலுவலகங்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.